கல்லூரி நிர்வாகத்தினருக்கு, கணினி மையத்திலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கல்லூரிக் கணினி மையத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சேர்க்கை, கட்டணம், வருகைப்பதிவு, பாடக்குறிப்பு, தேர்வு முடிவு என எல்லாமே இன்று கணினி வழியாகத்தான் நடக்கின்றன. புதுப்புதுச் சேவைகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் மட்டும் சேர்வதில்லை.

விடுதியில் வைஃபை சரியாகக் கிடைக்கவில்லை என்று புகார் வந்தால், "இன்னும் நாலு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை அலைபரப்பும் கருவி) வாங்கி மாட்டுங்கள்" என்று உத்தரவு வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் சேர்ந்து இயங்கக்கூடிய சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகள், மூன்றுதான்: 1, 6, 11. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கருவிகள் ஒரே சேனலில் இருந்தால், ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும். கண்டபடி கருவிகளை மாட்டினால் வேகம் குறையவே செய்யும். எதை எங்கே வைப்பது, எந்தச் சேனலைக் கொடுப்பது, எவ்வளவு சக்தியில் இயக்குவது என்று அறை அறையாக நடந்து அளந்து பார்க்க ஒருவர் வேண்டும். கொள்முதல் பட்டியலில் கருவிக்கு இடம் இருக்கிறது, அந்த ஒருவருக்கு இல்லை.

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 1964-இல் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற கணிதப் பேராசிரியர்கள் பேசிக் என்ற கணினி நிரல் மொழியையும், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறையையும் கொண்டுவந்தார்கள். நூலக அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பதுபோல மாணவர்கள் தடையின்றிக் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அந்த அமைப்புக்கான மென்பொருளை எழுதியதில் பெரும்பங்கு இளநிலை மாணவர்களுடையது. மாணவர்களை நம்பி இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நம் மாணவர்களையும் நம்பலாம். ஒப்படைப்பைப் பதிவேற்ற நள்ளிரவுவரை கெடு. மாணவி கைபேசி எண்ணை மாற்றியிருக்கிறாள், ஓடிபி பழைய எண்ணுக்குப் போகிறது. எண்ணை மாற்றித் தரும் அலுவலகம் மாலையிலேயே பூட்டியாகிவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் உதவ, பயிற்சி பெற்ற மாணவர்களைச் சம்பளத்துடன் இரவுப் பணியில் அமர்த்துங்கள். அடையாளத்தைச் சரிபார்த்து எண்ணை மாற்றித் தருவது அவர்களால் முடியாத காரியமில்லை. ஒவ்வொரு மாற்றமும் பதிவாகட்டும். மதிப்பெண், கட்டணக் கணக்கு பக்கம் மட்டும் அவர்களுக்கு அனுமதி வேண்டாம்.

அப்புறம், புதிய மென்பொருளுக்கான கோப்பு இனி உங்கள் மேசைக்கு வரும்போது, விற்பவர் காட்டும் அழகான திரைகளைப் பார்ப்பதற்கு முன் எங்களைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். இதை அடுத்த ஆண்டு யார் பராமரிப்பார்? இரவில் நின்றுபோனால் மாணவர் யாரைக் கூப்பிடுவார்? இரண்டுக்கும் ஒரு பெயர் கிடைக்கும்வரை தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
கணினி மையப் பணியாளர் ஒருவர்