அலகிட்ட பிறகு என்ன? வினாத்தாள் அமைக்கும் தமிழாசிரியர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் குறளை அலகிட்டு, அதாவது சீர்களை அசை அசையாகப் பிரித்து, ஒவ்வொரு சீருக்கும் வாய்பாடு எழுதச் சொல்கிறீர்கள். அந்த வினா இருக்கட்டும். தேமா, புளிமா என்று எழுதி முடித்ததும் பிள்ளைகள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்களே, அதுதான் என் கவலை.

வான்சிறப்பில் வரும் இந்தக் குறளைப் பாருங்கள்:

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

முதல் ஐந்து சீரும் தேமாங்காய், அதாவது மூன்று நேரசை. காய்ச்சீரை அடுத்து நேரசை வரும் வெண்டளைக்கு (வெண்பாவில் சீரும் சீரும் இணையும் முறைக்கு) இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சரி, விதி அதோடு முடிந்தது. ஓசை? ஐந்து முறையும் 'துப்' என்று ஒரே தட்டு. மோனையும் எதுகையும் சீருக்குச் சீர். உண்பவர், உணவு, அதை ஆக்குவது, தானே உணவாவது என்று பொருள் நகர்ந்துகொண்டே போகிறது. இதையெல்லாம் செய்வது எது என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஆறாம் சீரில் குரல் நீள்கிறது: தூஉம். 'துப்பாயதும்' என்பதுதான் பொருள். ஆனால் 'தும்' என்று ஓரசையாக நின்றால் அங்கே வெண்பா அறுந்துவிடும். அளபெடுத்ததால், அதாவது ஓசை நீண்டு 'தூஉம்' ஆனதால், இரண்டு நேரசை கொண்ட தேமா ஆயிற்று. அடுத்து நிரையசை (குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்த அசை) வர வழி பிறந்தது. அந்த நிரைதான் 'மழை'. ஒரு வல்லெழுத்துகூட இல்லாத சொல், அதுவரை காத்திருந்த எழுவாய்.

மழை பெய்யும் சத்தம் இதில் கேட்கிறது என்று வகுப்பில் சொல்வதுண்டு. எனக்கு அதைவிட அந்த நீட்டம்தான் பெரிதாகப் படுகிறது.

'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' என்ற அடியிலும் நான்கு சீரும் ககரத்தில் தொடங்குகின்றன. அடுத்த அடி 'நிற்க' என்று திரும்பி, எதுகையால் 'கற்க'வோடு கோத்துக்கொள்கிறது. இந்தக் குறளில் துணைக்காலே ('ா' என்ற குறி) வராது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். இந்தக் கோப்பைக் காட்டுவதில்லை.

தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகள் 34 என்று எண்ணும்போது, அசை, சீர், அடியோடு நோக்கையும் சேர்த்தார். மாத்திரை முதல் அடி வரை நம்மை நின்று நோக்க வைப்பது அது. அலகிடுவதைக் கற்றுத் தருகிறோம், நோக்கை விட்டுவிட்டோம்.

என் வேண்டுகோள் சிறியது. அலகிடும் வினாவின் கீழே இன்னொன்றையும் கேளுங்கள்: 'ஓசை எந்த இடத்தில் மாறுகிறது? அங்கே நிற்கும் சொல் எது?' விடைக்குறிப்பில் ஒரே பதிலை அச்சிட வேண்டாம்; காரணம் காட்டும் எந்த விடைக்கும் மதிப்பெண் கொடுங்கள். தேர்வில் வரும் என்றால், வகுப்பில் குறளை வாய்விட்டுப் படிப்பார்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்