அடிபட்ட பிறகு வரும் தலைவலி நடிப்பல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைக்கில் இருந்து விழுந்து நாலு மாதம் ஆகியும் தலைவலி விடவில்லை என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் "சி.டி. ஸ்கேன் நார்மல் என்றால் கவலை வேண்டாம், மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். நான் மருந்துக் கடை நடத்துகிறவன். டாக்டருக்குப் பாடம் எடுக்க எழுதவில்லை, ஆனால் அந்த வாசகரைப் போன்றவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் என் கடைதான்.

அப்படி ஒருவர் இருட்டிய பிறகுதான் வருவார், அதுவும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. கடை டியூப்லைட் கண்ணைக் குத்துகிறதாம், பக்கத்து பஜ்ஜிக் கடை எண்ணெய் வாசம் பட்டாலே குமட்டுகிறதாம். "அண்ணே, அதே மாத்திரை ஒரு அட்டை" என்பார், பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டை நான் கேட்காமலே எடுத்து நீட்டுவார். வீட்டில் சோம்பேறி என்கிறார்களாம். அவர் கணக்கு எழுதும் லாரி ஆபீஸில் இன்னும் மோசம், "நஷ்டஈட்டு கேஸ் போட்டிருக்கான்ல, அது முடிஞ்சா தலைவலியும் போயிடும்" என்று காதுபடவே பேசுகிறார்களாம்.

இந்தப் பேச்சு ஒன்றும் புதிதில்லை. ஹென்றி மில்லர் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் 1961இலேயே கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார், பணம் கைக்கு வந்ததும் இவர்களில் பெரும்பாலோர் சரியாகிவிடுகிறார்கள் என்று. அந்த எண்ணம் இன்னும் ஆபீஸிலும் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சி.டி. ஸ்கேன் எதற்கு எடுக்கிறார்கள்? உள்ளே ரத்தக் கசிவு இருக்கிறதா, மண்டை ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க. உயிருக்கு ஆபத்தா இல்லையா என்பதற்கு அது பதில் சொல்லும், அதற்கு அது அவசியமும்கூட. ஆனால் கன்கஷன், அதாவது மூளை அதிர்வு, மூளை வேலை செய்யும் விதத்தில் ஏற்படும் குழப்பம், அது வழக்கமான ஸ்கேனில் தெரியாது. நார்மல் ரிப்போர்ட்டோடு தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, எரிச்சல் எல்லாம் இருக்கலாம். தலைவலி அடிபட்ட ஏழு நாளுக்குள் ஆரம்பித்து மூன்று மாதத்துக்கு மேலும் போனால் சர்வதேச தலைவலி வகைப்பாட்டில் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது.

ஆராய்ச்சி எங்கே நிற்கிறது என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) வந்திருக்கும் நேரத்தில் கழுத்து ரத்தக் குழாயில் ரத்தம் எடுத்துப் பார்த்து, நரம்புகள் வெளிவிடும் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருள் அதில் கூடியிருப்பதைக் கண்டார்கள். இது 1990 வாக்கில். அப்புறம் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் யெஸ் ஓலெசன் குழுவினர் அதே பொருளை மைக்ரேன்காரர்களுக்கு டிரிப்ஸில் ஏற்றினார்கள், பலருக்கு மைக்ரேன் வந்தது. சரி, இதைத் தடுத்தால் வலி குறையுமே என்று போனதில்தான் 2018இல் அமெரிக்காவில் எரினுமாப் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. அது மைக்ரேன் கதை. அடிபட்ட தலைவலிக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், அதே கோபன்ஹேகனில் ஹாகன் அஷீனா குழுவினர் 2020இல் வெளியிட்ட சோதனை இருக்கிறது. லேசாகத் தலையில் அடிபட்டு, அதனால் தொடர் தலைவலியோடு இருந்த 30 பேர். ஒரு நாள் சி.ஜி.ஆர்.பி., இன்னொரு நாள் வெறும் உப்புத் தண்ணீர், எது எந்த நாள் என்று அவர்களுக்கும் தெரியாது, ஏற்றியவர்களுக்கும் தெரியாது. சி.ஜி.ஆர்.பி. ஏறிய நாளில் 21 பேருக்கு மைக்ரேன் மாதிரியான தலைவலி வந்தது, உப்புத் தண்ணீர் நாளில் 6 பேருக்குத்தான். நடிக்கிறவனுக்கு எந்த பாட்டிலுக்கு நடிக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

இதற்காக மருந்து கிடைத்துவிட்டது என்று யாரும் துள்ள வேண்டாம். அதே வழியில் வேலை செய்யும் ஃப்ரெமனசுமாப் ஊசியை அடிபட்ட தலைவலிக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில் அது வெற்று ஊசியை மிஞ்சவில்லை. தேடல் இன்னும் நடக்கிறது, அவ்வளவுதான்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு 2020 டிசம்பர் கான்பெரா டி20 ஞாபகம் இருக்கும். நம்ம நடராஜன் அறிமுகமான மேட்ச். கடைசி ஓவரில் ஸ்டார்க் பந்து ஜடேஜா ஹெல்மெட்டில் பட்டது, அவர் மிச்ச பந்துகளையும் ஆடி முடித்தார். அப்புறம் அவருக்குப் பதிலாக சாஹல் வந்து மூன்று விக்கெட் எடுத்ததும், நன்றாகத்தானே ஆடினான், எல்லாம் நாடகம் என்று ஒரே கூச்சல். ஆனால் கன்கஷன் அறிகுறி கொஞ்ச நேரம் கழித்தும் வரும். தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆட்டக்காரர் என்ற விதியை ஐ.சி.சி. 2019இலேயே கொண்டுவந்துவிட்டது. லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவருக்கு யார் மாற்று ஆள் அனுப்புகிறார்கள்?

ஓய்வு விஷயத்திலும் பழைய யோசனைதான் சுற்றுகிறது, வாரக்கணக்கில் இருட்டறையில் படு என்று. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டுக் கன்கஷன் நிபுணர்கள் முழுப் படுக்கை ஓய்வு வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். முதல் ஒன்றிரண்டு நாள் வேலையைக் குறைத்து, செல்போனையும் குறைத்து, மெதுவாக நடக்க ஆரம்பித்து, தலைவலி ரொம்ப ஏறாத அளவுக்கு நடையைக் கூட்டிக்கொண்டே போகலாம். திரும்பத் தலையில் அடிபடக் கூடிய வேலை, விளையாட்டு மட்டும் டாக்டர் சொல்லும் வரை கூடாது.

என் கடை சம்பந்தப்பட்டது மாத்திரை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்குக் கொடுக்கும் எர்கோட்டமைன், டிரிப்டான், அல்லது பல மருந்து சேர்ந்த கலவை வலி மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கிளப்பும். அந்தக் கூலிங் கிளாஸ்காரரிடம் இதைச் சொல்லி நரம்பியல் டாக்டரைப் பாருங்கள் என்றேன், அடுத்த வாரம் வேறு கடையில் வாங்கிக்கொண்டிருந்தார்.

அதனால் அந்தப் பதிலைத் திருத்தி, ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு அரைப் பக்கமாவது போடுங்கள். கூடவே ஒரு கட்டத்தில் பெரிய எழுத்தில் இதையும் போடுங்கள்: அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, இதில் எது வந்தாலும் ராத்திரி என்றும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் ஸ்கேன் நார்மலாக இருந்தாலும்தான்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக் கடைக்காரர்,
ஈரோடு மாவட்டம்