11-வது இடத்துல வந்தவர உங்க ஆப்ல காணோம்: பணம் திருப்பி கேட்டு புகார்

அனுப்புநர்: டூவீலர் பட்டறை, கோரிமேடு, சேலம்
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு பிரிவு
நாள்: 22-01-2024
பொருள்: டக்கார் ரேலி பாக்க உங்க ஆப்புக்கு கட்டின ஒரு வருஷ சந்தா 1,499 ரூபாய திருப்பி தர சொல்லி, நாலாவது தடவையா

வணக்கங்க,

இதுக்கு முன்னாடி மூணு தடவ உங்க சாட்ல எழுதியாச்சு. மூணு தடவையும் "உங்கள் சிக்கல் தீர்க்கப்பட்டது"ன்னு நீங்களே மூடிட்டீங்க, எனக்கு எதுவும் தீரல. அதனால இந்த தடவ மெயிலா எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், மூடறதுக்கு முன்னாடி முழுசா படிச்சிருங்க.

நான் கோரிமேட்டுல ஏற்காடு போற ரோட்டோரமா பட்டறை வச்சிருக்கேன். சனி ஞாயிறு ஆனா பெங்களூரு பசங்க பெரிய பெரிய வண்டில மேல போயிட்டு, 20 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்கி, பேட் கருகுற வாசத்தோட நேரா என் கடைக்குத்தான் வருவாங்க, பொழப்பு அதுலதான் ஓடுது. ஜனவரில மட்டும் ரெண்டு வாரத்துக்கு சாயங்காலம் ஆறு மணி ஆனா ஸ்பேனர கீழ வச்சிருவோம். டக்கார் ரேலிங்க, பாலைவனத்துல ரெண்டு வாரம் ஓடற பைக், கார் பந்தயம். நானு, கடைப் பசங்க ரெண்டு பேரு, ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல ரைட்டரா இருக்கற என் மச்சான், எதிர்த்த டீக்கடை அண்ணன், இவ்ளோதான் கூட்டம், நடுவுல ஒரு தட்டுல தட்டுவடை செட். 2015-ல பெங்களூரு சி.எஸ். சந்தோஷ் முத முதல்ல ஒரு இந்தியரா இந்த ரேலிய முழுசா முடிச்சாரு பாருங்க, 36-வது இடம், அன்னையிலேர்ந்து எங்களுக்கு இந்த பைத்தியம். அதே சந்தோஷ் 2021-ல மோசமா விழுந்து ரியாத் ஆஸ்பத்திரில மயக்க மருந்து குடுத்து கோமால வச்சிருந்தாங்க, அந்த வாரம் எங்க பட்டறையில யாருக்கும் வேல ஓடல. இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா நாங்க பொழுதுபோக்குக்கு பாக்கறவங்க இல்லன்னு உங்களுக்கு புரியணும்.

டிசம்பர் கடைசில உங்க விளம்பரம் வந்துச்சு. "டக்கார் 2024, ஒவ்வொரு நொடியும் நேரலை, தமிழ் வர்ணனையுடன்"னு போட்டிருந்தீங்க. தமிழ்னு பாத்ததும் கை தானா போயிருச்சு, 1,499 கட்டிட்டேன். வீட்டுக்காரம்மா "மணல்ல வண்டி ஓட்டறத பாக்கறதுக்கா காசு கட்டின"ன்னு கேட்டாங்க, அப்ப சிரிச்சேன், இப்ப அவங்க சிரிக்கறாங்க.

சும்மா திட்டறதுக்கு எழுதலைங்க, நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். ஏறக்குறைய 7,900 கிலோமீட்டர் போற ஒரு ரேலிய, பாலைவனத்துல நூத்துக்கணக்கான வண்டிய, ஒவ்வொரு நொடியும் லைவ்ல காட்ட யாராலயும் முடியாது, அது எனக்கே தெரியும். ராத்திரி ஒரு தொகுப்பு வரும், பகல்ல வழியில இருக்கற ஒவ்வொரு வேபாயிண்ட்லயும் (நேரம் குறிக்கற இடம்) யாரு எத்தன நிமிஷம் பின்னாடின்னு நம்பர் வரும். எங்களுக்கு அந்த நம்பரே போதும், அத பாத்தே மண்டைக்குள்ள படம் ஓட்டிக்குவோம். நீங்க அந்த நம்பரையாவது ஒழுங்கா குடுத்திருந்தா இந்த மெயிலே வந்திருக்காது.

ஜனவரி 5-ந் தேதி சவுதில அல்உலால ஆரம்பிச்சுச்சு. முத ஸ்டேஜயே (ஸ்டேஜ்னா பெரும்பாலும் ஒரு நாள் ஓட்டம்) ராஸ் பிராஞ்ச் ஜெயிச்சாரு, போட்ஸ்வானாக்காரரு, ஓட்டறது நம்ம ஹீரோ டீமோட 450 சிசி பைக்கு, கடையில ஒரே சத்தம். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மத்தியானம் உங்க ஆப் போன்ல டிங்குனு அடிச்சு சொல்லுது, "அதிர்ச்சி! பிராஞ்ச் வண்டி நடுவழியில் நின்றது!" பையன் கையில இருந்த கிளட்ச் பிளேட்ட கீழ போட்டுட்டான். நான் ஓடிப்போய் ரேலிக்காரங்களோட சொந்த வெப்சைட்ட தொறந்து பாத்தா, மனுஷன் பெட்ரோல் போட நிக்கறாருங்க. பைக்குக்கு ஸ்டேஜ் நடுவுல பெட்ரோல் ஸ்டாப் உண்டு, 15 நிமிஷம் கட்டாயம் நிக்கணும், அந்த நேரம் கணக்குல சேராது, எல்லாரும் நிப்பாங்க. ஓட்டப்பந்தயத்துல தண்ணி குடிக்க நின்னவன செத்துட்டான்னு சொல்ற மாதிரி இருந்துச்சு உங்க நோட்டிஃபிகேஷன். இன்னொண்ணும் சொல்றேன், ஓசில கிடைக்கற அந்த வெப்சைட்ல கடைசி ஆள் வரைக்கும் நேரம் இருக்கு, காசு வாங்கின உங்க ஆப்ல இல்ல.

இதுக்கடுத்து தலைப்பு. முந்தின நாள் ஸ்டேஜ் ஜெயிச்சவரு மறுநாள் கொஞ்சம் பின்னாடி போனா "நேற்றைய நாயகன் படுதோல்வி"ன்னு போடறீங்க. யோவ் (மன்னிக்கணும், ஆனா யோவ்), முந்தின நாள் ஜெயிச்சவன்தான் மறுநாள் முதல்ல கிளம்பணும். அவனுக்கு முன்னாடி மணல்ல ஒரு டயர் தடம் கூட இருக்காது, கூகுள் மேப் கிடையாது, ரோடுபுக்க (வழிக்குறிப்பு) பாத்து பாத்து வழி கண்டுபிடிச்சு போகணும், பின்னாடி வரவங்க எல்லாம் அவன் போட்ட தடத்த பாத்து வேகமா வந்துருவாங்க. ஜெயிச்சதுக்கு தண்டனைதான் அது. அது ரொம்ப அநியாயமா இருக்குன்னுதான் 2023-லேர்ந்து முன்னாடி போய் வழி தொறக்கற பைக்காரங்களுக்கு போனஸ் நேரம் குடுக்கறாங்க. ஏற்காட்டு பனியில விடிகாலைல முதல்ல வண்டி ஓட்டிட்டு போறவனுக்கும் அவன் டெயில் லைட்ட பாத்துக்கிட்டே பின்னாடி போறவனுக்கும் இருக்கற வித்தியாசம்தான் இது, என் மச்சான் ஒரு வாய் டீல புரிஞ்சுக்கிட்டான்.

தமிழ் வர்ணனைய பத்தி அதிகம் சொல்ல விரும்பல. மூணு நாள் வந்துச்சு, அதுல ஒருத்தர் "பவுண்டரி"ன்னு சொன்னாரு, நாலாவது நாள்லேர்ந்து வரல.

சரி, இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஹரித் நோவா. நம்ம நாட்டு பைக் ரைடர், கேரளாவுல ஷொர்ணூர்க்காரரு, ஷெர்கோ டிவிஎஸ் டீம், டிவிஎஸ்னா நம்ம ஓசூரு, சேலத்துலேர்ந்து தர்மபுரி தாண்டினா வந்துரும், அதனால எங்களுக்கு அவரு பக்கத்து ஊருக்காரரு மாதிரிதான். உங்க ஆப்ல தரவரிசைன்னு தொட்டா பத்து பேரு மட்டும் வருது. அதுக்கு கீழ "மேலும் காண்க"ன்னு ஒரு பட்டன், அத தொட்டா கிரிக்கெட் ஹைலைட்ஸ் வருது, நான் விளையாட்டுக்கு சொல்லல, ஸ்கிரீன்ஷாட் மூணு இணைச்சிருக்கேன். 19-ந் தேதி யான்புல ரேலி முடியுது. பைக்ல ரிக்கி பிராபெக் முதல், நம்ம பிராஞ்ச் ரெண்டாவது, ரெண்டு வாரம் ஓடி ரெண்டு பேருக்கும் நடுவுல 11 நிமிஷம் கூட இல்ல. ஹரித் நோவா ஒட்டுமொத்தமா 11-வது, ரேலி 2 பிரிவுல (பைக்ல முதல் தர பிரிவுக்கு அடுத்தது) முதல்! டக்கார்ல ஒரு பிரிவ ஜெயிச்ச முத இந்தியரு! உங்க ஆப்ல பத்தாவது ஆளோட லிஸ்ட் முடிஞ்சு போச்சு. ரேலி 2 ன்னு ஒரு பிரிவு இருக்கறதே உங்க ஆப்புக்கு தெரியல. அன்னிக்கி வெள்ளிக்கிழம, கடையில ஏழு வண்டி நிக்குது, நாங்க அஞ்சு பேரும் ஒரு போன சுத்தி நின்னுக்கிட்டு அந்த பத்து பேர் லிஸ்ட்ட மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டே இருக்கோம், டீக்கடை அண்ணன் கடைசில "இவங்களுக்கு பதினொண்ணு எண்ண தெரியாதா"ன்னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல, உங்ககிட்ட இருந்தா எழுதுங்க.

நீங்க இத கிரிக்கெட் மேட்ச் மாதிரி நினைச்சு வித்துட்டீங்க, அதுதான் பிரச்சனையே. மேட்ச்னா யாரு ஜெயிச்சான்னு தெரிஞ்சா போதும், டிவிய அமத்திட்டு படுக்கலாம். இதுல நாங்க பாக்கறது யாரு இன்னும் வந்து சேரலன்னு. உதவிக்கு மெக்கானிக்கே இல்லாம தன் வண்டிய தானே ராத்திரி பிரிச்சு மாட்டி, ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு காலைல மறுபடி கிளம்பற ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு பிரிவே இருக்கு. பட்டறைக்காரனுக்கு அவங்கதான் சாமி. அவங்கள்ல ஒருத்தர் பேர கூட உங்க ஆப்ல நான் பாக்கல.

11, 12 தேதி ரெண்டு நாளும் 48 மணி நேர ஸ்டேஜ், எம்ப்டி குவார்ட்டர்ங்கற பெரிய பாலைவனத்து மணல்ல. சாயங்காலம் 4 மணி அடிச்சா அவங்கவங்க எந்த கேம்ப்புக்கு பக்கத்துல இருக்காங்களோ அங்க போய் நிறுத்திரணும், ஒரு கூடாரம், சாப்பாட்டு பொட்டலம், அவ்ளோதான், டீம்கிட்ட பேச முடியாது, அடுத்தவன் எங்க நிக்கறான்னு தெரியாது. நமக்கு அது ஆறரை மணி. அதுக்காகவே என் மச்சான் எஸ்டேட்ல காபிப் பழம் எடுக்கற சீசன்ல, கணக்கு நோட்ட அரைகுறையா மூடிட்டு, குளுர்ல பைக்ல மலை எறங்கி வந்தான், அங்க டவர் கிடைக்காதுன்னு. ஆறரைக்கு தொறந்தா "இன்றைய நிகழ்வு முடிந்தது, முடிவுகள் விரைவில்"னு போட்டிருக்கு. ரெண்டு நாள் ஸ்டேஜுங்க அது! முடியவே இல்ல! யாரு எந்த கேம்ப்ல நிக்கறான்னு பாக்கறதுதான அன்னைக்கு ராத்திரி ஆட்டமே. வந்தவன் தட்டுவடை செட்ட தின்னுட்டு மறுபடி 20 வளைவும் ஏறிப் போனான்.

இனி எழுதறது எனக்கு கோவம் இல்ல, வேற ஏதோ. ரெண்டாவது ஸ்டேஜ்ல, 7-ந் தேதி, கார்லஸ் ஃபால்கோன்ங்கற ஸ்பெயின் ரைடர் ஒருத்தர் விழுந்தாரு. ஒரு வாரத்துக்கு மேல உயிருக்கு போராடி 15-ந் தேதி இறந்துட்டாரு. அன்னைக்கு நமக்கு பொங்கல். வாசல்ல பானை வச்சு பால் பொங்கறதுக்கு நிக்கறோம். உங்க ஆப்ல அவரு விழுந்ததும் வரல, இறந்ததும் வரல. அன்னைக்கு உங்ககிட்டேர்ந்து ஒரே ஒரு நோட்டிஃபிகேஷன் வந்துச்சு: "டக்கார் பொங்கல் தமாக்கா! நண்பரை சேர்த்தால் 20 சதவீதம் தள்ளுபடி". ஒரு ஆள் செத்த அன்னைக்கு அந்த ரேலி பேர போட்டு தமாக்கான்னு அனுப்பறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் செய்திய படிச்சு பாத்திருக்க வேணாமா? கம்ப்யூட்டர் தானா அனுப்பிச்சுன்னு சொல்லாதீங்க. கம்ப்யூட்டர்கிட்ட விட்டது நீங்கதான.

கஸ்டமர் கேர். முத தடவ பேசின தம்பி "எந்த டீம் மேட்ச் சார்?"னு கேட்டாரு. ரெண்டாவது தடவ ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ண சொன்னாங்க, பண்ணேன், ஹரித் நோவா வரல. மூணாவதா பேசினவரு "டக்கார் செனகல் நாட்டுல இருக்கு சார், உங்க லொகேஷன் செட்டிங் தப்பா இருக்கலாம்"னாரு. பாதுகாப்பு சரியில்லன்னு 2008-ல ரேலிய ரத்து பண்ணாங்க, அதுக்கப்புறம் தென் அமெரிக்கா போயி, 2020-லேர்ந்து சவுதில நடக்குது, பேரு மட்டும்தான் டக்கார்னு நான் பொறுமையா சொன்னேன், அவரும் பொறுமையா கேட்டுட்டு "வேற ஏதாவது உதவி வேணுமா சார்"னாரு. அந்த பசங்க மேல எனக்கு கோவம் இல்லைங்க, அவங்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக் குடுக்கல. விக்கறதுக்கு முன்னாடி என்ன விக்கறோம்னு தெரிஞ்சுக்க வேண்டியது மேல உக்காந்திருக்கறவங்க.

கடைசியா 100 ரூபா கூப்பன் தரேன்னீங்க. பிரேக் பேட் சரியா மாட்டாம விட்டுட்டு கஸ்டமருக்கு ஒரு கீ செயின் குடுத்தா என் கடைய ஒடச்சிருவாங்க.

எனக்கு வேண்டியது, 1,499 ரூபா முழுசா, நான் எந்த யுபிஐலேர்ந்து கட்டினேனோ அதே அக்கவுண்ட்டுக்கு. கூப்பன் வேணாம், பாயிண்ட் வேணாம், அடுத்த வருஷ சந்தால கழிச்சுக்கறதும் வேணாம். தானா ரினீவல் ஆகறத நிறுத்தணும், அந்த பட்டன் எங்க இருக்குன்னு என் கடைப் பையன் அரை மணி நேரம் தேடிட்டான். அந்த பொங்கல் மெசேஜுக்கு ஒரு மன்னிப்பு, எனக்கு இல்ல, எல்லாருக்கும் தெரியற மாதிரி ஆப்ல போடுங்க. 15 நாளுக்குள்ள பதில் வரலன்னா நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டு புகார் பதிவு பண்ணிட்டு, சேலம் நுகர்வோர் ஆணையத்துல மனு குடுப்பேன். ரசீது, விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், மூணு சாட்டும் பிரிண்ட் போட்டு ஃபைல்ல வச்சிருக்கேன், ஆயில் கறை இருக்கும், படிக்க முடியும்.

பதில மெயில்லயே அனுப்புங்க. போன்தான் பண்ணுவீங்கன்னா ஞாயித்துக்கிழம பண்ணாதீங்க, அன்னைக்கு பிரேக் பேட் கூட்டம், கை காலியா இருக்காது.

இப்படிக்கு,
கோரிமேட்டு பட்டறைக்காரன்

இணைப்பு: ரசீது 1, ஸ்கிரீன்ஷாட் 9, சாட் பிரதி 3