பிரிட்ஜ் ஏலத்தில் ஒளிவுமறைவு கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி பிரிட்ஜில் தங்கம் வென்றபோது, 'சீட்டாட்டத்துக்கெல்லாமா பதக்கம்?' என்று கேட்டவர்கள் உண்டு. இன்று எங்கள் கிளப்புக்குக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் தேடி வந்து கற்றுக்கொள்கிறார்கள். அப்படி வருபவர்களைத் துரத்திவிடும் ஒரு பழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

எந்த வகைச் சீட்டைத் துருப்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று ஆட்டத்துக்கு முன் மாறி மாறிச் சொல்வதுதான் ஏலம். எதிரெதிரே உட்காரும் பார்ட்னர்கள் தங்கள் கைச்சீட்டைப் பற்றி இந்த ஏலத்தின் மூலம் மட்டுமே தெரிவிக்க முடியும். எந்த ஏலத்துக்கு என்ன பொருள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேசி வைத்தது எதிர் ஜோடிக்கும் தெரிய வேண்டும்.

சமீபத்தில் ஓர் உள்ளூர் ஜோடிப் போட்டி. என் பார்ட்னர் ஆட்டத்துக்குப் புதிய கல்லூரி மாணவி. எதிராளி 'இரண்டு டைமண்ட்' என்று ஏலத்தைத் தொடங்கினார். இதை 'மல்ட்டி' என்பார்கள். டைமண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ ஆறு சீட்டு இருக்கிறது, பலம் குறைவு என்று பொருள். நான் பாஸ். அவருடைய பார்ட்னர் 'இரண்டு ஸ்பேட்' என்றார். மாணவி விளக்கம் கேட்டாள். 'பாஸ் ஆர் கரெக்ட்' என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

'உங்களுடையது ஸ்பேட் என்றால் இதோடு நிறுத்துங்கள், ஹார்ட் என்றால் மூன்று வரை போகலாம், எனக்கு ஹார்ட் இருக்கிறது' என்பதுதான் அதற்கு அர்த்தம். 'இரண்டு ஸ்பேட்' என்று ஏலம் சொன்னவரிடம் இருந்த ஸ்பேட் சீட்டு இரண்டே இரண்டு. புதிதாக ஆடும் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? ஏஸ், கிங்கோடு ஐந்து ஸ்பேட் வைத்திருந்தும், எதிராளியிடம்தான் ஸ்பேட் இருக்கிறது என்று நம்பிப் பேசாமல் இருந்துவிட்டாள். நாங்கள் நான்கு ஸ்பேட் என்று ஏலம் எடுத்திருக்க வேண்டிய கையை அவர்கள் மூன்று ஹார்ட்டில் முடித்துக்கொண்டார்கள். எனக்கு அர்த்தம் தெரியும்; ஆனால் பார்ட்னருக்கு உதவ மட்டும் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. போட்டியின் நடுவரான டைரக்டரைக் கூப்பிட்டோம். 'மல்ட்டி எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரிட்ஜ் ஆட்டத்தின் 2017 சட்டத்தொகுப்பில் உள்ள 20எஃப் விதி அப்படிச் சொல்லவில்லை. கேட்டால் ஏலத்தின் பொருளோடு, சொல்லாமல் விட்ட மற்ற ஏலங்களையும், இதைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து புரியும் விஷயங்களையும், பார்ட்னர்களுக்குள் புரிதல் உள்ள வரை சொல்லியாக வேண்டும்.

விசித்திரமான சிஸ்டங்களை, அதாவது ஏல முறைகளை, தடை செய்யச் சொல்லவில்லை. புதுமை வேண்டும். பார்ட்னரும் சேர்ந்து ஏமாறும் பொய் ஏலம்கூட ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்டதுதான். உலக பிரிட்ஜ் சம்மேளனம் இதை நன்றாகவே யோசித்திருக்கிறது. 'பாஸ்' என்றாலே பலமான கை என்று ஆடும் சிஸ்டத்தை ஜோடிப் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. நீண்ட அணி ஆட்டங்களில், முன்கூட்டியே விவரம் கொடுத்தால்தான் இடம். வேறு சில விபரீத ஏலங்களுக்கு, எதிர் ஜோடி அதைச் சமாளிக்கும் உத்தியை எழுதி வைத்து மேசையிலேயே பார்த்துக்கொள்ளலாம். மல்ட்டி அந்த விபரீத ஏலங்களில் சேராது என்று விலக்கு. உலகத்தர ஆட்டக்காரர்களுக்கு அது சரி. முதல் போட்டி ஆடும் பிள்ளைக்கு?

உள்ளூர்ப் போட்டி நடத்துபவர்கள், மல்ட்டிக்கும் எழுதி வைத்த உத்தியை மேசையில் அனுமதிக்கட்டும். தங்கள் ஏலங்களின் பொருளை எழுதிக் காட்டும் கன்வென்ஷன் கார்டை நிரப்பி வைக்காத ஜோடி எளிய சிஸ்டத்தில்தான் ஆட வேண்டும் என்று சொல்லட்டும். அப்புறம், ஏலத்தின் பெயரை மட்டும் சொல்வது விளக்கமாகாது என்பதை அடுத்த போட்டியின் அறிவிப்பிலேயே அச்சிடட்டும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கோயம்புத்தூர்