கூரை ஒழுகினால் யார் மாற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரக் கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அவற்றின் பழமையையும் ஒழுக்கத்தையும் மனமாரப் பாராட்டியிருந்தது. பாராட்டில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை எதை நம்பி நிற்கின்றன என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நிலமும் கட்டடமும் திருச்சபையினுடையவை. ஆசிரியர் சம்பளம் மாகாண அரசினுடையது. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஓர் ஒப்பந்தம். நம் பிள்ளைகளை அங்கே சேர்க்கும் தமிழ்ப் பெற்றோரில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தபோது, பிரெஞ்சுப் பாதிரியார் சபோன் ஏற்கெனவே இங்கே பணியாற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிறகு டர்பன் அடங்கிய நேட்டால் பகுதியில் நம்மவர் பள்ளிகள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் எழுந்தன: சமூகம் இடத்தையும் கட்டடத்தையும் கொடுக்கும், அரசு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கும். இந்துக்களும் முஸ்லிம்களும் கட்டிய மானியப் பள்ளிகளும் அப்படித்தான் நடந்தன.

அந்த மானியத்தை அரசு எப்படி ஆயுதமாக்கும் என்பதை 1953-ன் பாண்டு கல்விச் சட்டம் காட்டியது. கறுப்பின மக்களுக்கான மிஷன் பள்ளிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், இல்லையேல் மானியம் போகும். பல திருச்சபைகள் ஒப்படைத்துவிட்டன. கத்தோலிக்க ஆயர்கள் ஒப்படைக்க மறுத்து, நன்கொடை திரட்டி, முடிந்தவரை பள்ளிகளைத் தாங்களே நடத்தினார்கள். அன்று டர்பன் பேராயராக இருந்தவர் டெனிஸ் ஹர்லி. 1976 தொடங்கி, நிறவெறிச் சட்டம் நடப்பிலிருந்தபோதே, கத்தோலிக்கப் பள்ளிகள் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தன. பள்ளியின் விழுமியம் என்று மதிக்க வேண்டியது இந்தத் துணிவைத்தான். காலணிப் பளபளப்பும் வரிசை ஒழுங்கும் எந்தப் பள்ளியிலும் கிடைக்கும்.

1996-ன் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் வந்தபின் கத்தோலிக்கப் பள்ளிகள் இரண்டு வகையாயின. ஒன்று தனியார் பள்ளி. அதற்கு அரசு மானியம் கட்டணத்தைப் பொறுத்தது. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு மாகாணம் செய்யும் சராசரிச் செலவில் பாதிக்குள் கட்டணம் இருந்தால், அந்தச் செலவில் 60 விழுக்காடு மானியமாகக் கிடைக்கும்; கட்டணம் ஏற ஏற அது 40, 25, 15 என்று இறங்கி, அந்தச் சராசரிச் செலவின் இரண்டரை மடங்கைத் தாண்டினால் ஒன்றுமில்லை. மற்றது, தனியார் நிலத்தில் நடக்கும் அரசுப் பள்ளி. பெயர்ப்பலகையில் புனிதர் பெயர் இருந்தாலும் இது முழுக்க அரசுப் பள்ளிதான். கட்டணம் செலுத்த வழியில்லை என்று பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானத்தில் 10 விழுக்காட்டை எட்டும் கட்டணத்துக்கு முழு விலக்கு கேட்கலாம். வழிபாடு நடக்கலாம், ஆனால் அதில் கலந்துகொள்வது பிள்ளையின் விருப்பம் என்று சட்டத்தின் 7-ம் பிரிவு சொல்கிறது. மூக்குத்தி, கையில் கட்டிய கயிறு என்று தயங்குவோர் 2007-ன் டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளி வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தென்னிந்தியத் தமிழ் மரபில் வந்த மூக்குத்திக்குப் பள்ளி இடம் தர வேண்டும் என்று அரசியல் சட்ட நீதிமன்றமே சொன்ன வழக்கு அது.

இனி அந்த ஒப்பந்தம். சட்டத்தின் 14-ம் பிரிவுப்படி, மாகாணக் கல்வி அமைச்சரும் நில உரிமையாளரும் எழுதிக்கொள்வது. பள்ளி வழக்கம்போல நடப்பது, பள்ளியை நிர்வகிக்கும் ஆட்சிக்குழுவுக்கும் உரிமையாளருக்கும் உள்ள உறவு, வளாகத்துக்குள் வந்துபோகும் உரிமை, இடத்தைப் பயன்படுத்துவதில் பள்ளிக்குப் பாதுகாப்பு, பராமரிப்பும் தண்ணீர் மின்சாரம் போன்ற வசதிகளும், உரிமையாளரின் உரிமை ஆகியவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கத்தோலிக்க அடையாளம் காக்கப்பட வேண்டுமானால் 57-ம் பிரிவின்படி அதையும் உரிமையாளர் இதிலேயே எழுதச் சொல்லிக் கேட்கலாம். எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு “இது மாதா பெயரில் உள்ள பள்ளி” என்று வாதாடுவது கடினம்.

கோளாறு பராமரிப்பில்தான் தொடங்கும். ஜனவரி மழையில் மூன்றாம் வகுப்புக் கூரைத் தகடு விரிசல் விட்டு ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்சிக்குழு கல்வித் துறைக்கு எழுதும். தனியார் கட்டடத்தில் கை வைக்க முடியாது என்று பதில் வரும். நில உரிமையாளரான துறவற சபையைக் கேட்டால், மிஞ்சியிருப்பது வயதான சில கன்னியர்கள்; கையில் பணமில்லை. ஒப்பந்தத்தில் “பெரிய பழுது யாருடையது, சில்லறைப் பழுது யாருடையது” என்று பிரித்து எழுதியிருந்தால் தீர்வு உண்டு. “பராமரிப்பு இரு தரப்பும் பேசி முடிவு செய்யும்” என்று மட்டும் இருந்தால், வகுப்பு நடுவே வாளிதான் நிற்கும். தகடு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த பழைய தகடாக இருந்தால் சாதாரணத் தச்சரை ஏற்றி உடைக்கவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலைப் பாழாக்கும். அதற்கென்று பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் வேண்டும், செலவும் கூடும். யார் தருவது என்ற கேள்வி இன்னும் பெரிதாகிறது.

ஒப்பந்தமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? டர்பனில் எம்மானுவேல் பேராலயத்தின் பக்கத்திலேயே இருக்கும் ஜும்மா மசூதியின் பெயர் கொண்ட தொடக்கப் பள்ளியின் வழக்கைப் பார்க்கலாம். 14-ம் பிரிவு ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. நில உரிமையாளர்களான அறக்கட்டளை வெளியேற்றம் கேட்டது. அடிப்படைக் கல்வி உடனே நிறைவேற்ற வேண்டிய உரிமை என்று 2011 ஏப்ரலில் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது. அப்படிச் சொல்லியும், பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்குத்தான் போக வேண்டியதாயிற்று.

தமிழ்ப் பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் 2014-ல் தேசியப் பாடத்திட்டத்தில் இரண்டாம் கூடுதல் மொழியாக மீண்டும் இடம்பெற்றது. தனியார் நிலத்து அரசுப் பள்ளியிலும் அதைக் கேட்கலாம். மொழிக் கொள்கையை வகுப்பது ஆட்சிக்குழு. 2024 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு மாகாணக் கல்வித் துறைத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். துறை ஆசிரியர் பணியிடம் தராவிட்டால் ஆட்சிக்குழு தன் நிதியில் ஒருவரை அமர்த்தலாம்.

அந்த ஆட்சிக்குழுவில் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் பெற்றோரே பெரும்பான்மை. நில உரிமையாளரின் பிரதிநிதியைச் சேர்த்துக்கொண்டாலும் அவருக்கு வாக்கு கிடையாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தல் கடைசியாக 2024 மார்ச்சில் நடந்தது, அடுத்தது 2027-ல். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே ஒப்பந்த நகலைக் கேளுங்கள்: கையெழுத்தாகியிருக்கிறதா, எந்தத் தேதியில் முடிகிறது, கூரை யாருடைய பொறுப்பு? தலைமையாசிரியர் அறையில் இல்லையென்றால் நில உரிமையாளரான துறவற சபையிடமோ மறைமாவட்ட அலுவலகத்திலோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள மாகாணக் கல்வித் துறையிலோ எழுத்து மூலம் கேட்கலாம்.

இப்படிக்கு,
பள்ளி ஆட்சிக்குழுப் பெற்றோர் சிலர்,
டர்பன்