பின்னால் பறந்த பந்துக்கும் சேர்த்து நன்றி

எங்கள் ஐவர் குழு செய்த கவண்பொறி (கோலின் ஒரு முனையில் எடை விழ, மறுமுனை பந்தை வீசும் பொறி) ஒருவழியாகப் பந்தை முன்பக்கம் எறிந்துவிட்டது. முதல் நாள் அது பின்பக்கம்தான் எறிந்தது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

முதல் நன்றி தச்சர் மாமாவுக்கு. எறிகோலின் நட்டநடுவில் அச்சு வைத்து வரைந்த படத்தோடு உங்களிடம் வந்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு சட்டத்தைக் கொடுத்து, விரல்மேல் வைத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். எடை தொங்கும் பக்கம் குட்டையாக இருந்தால்தான் மறுமுனை வேகமாக வீசும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு மீட்டர் கோலில் எடைப்பக்கம் 20 செ.மீ., பந்துப்பக்கம் 80 செ.மீ. என்று மாற்றினோம். துளையையும் எங்களையே போட வைத்தீர்கள். முதல் துளை கோணல், சட்டம் வீண். அதற்கு மன்னிப்பும் இதிலேயே.

இயற்பியல் ஆசிரியைக்கு அடுத்து. 5 கிலோ மணல் மூட்டை விழும்போதெல்லாம் பொறி முன்னும் பின்னும் உருண்டது. சக்கரங்களைக் கழற்றிவிட இருந்தோம். "இருக்கட்டும், இரண்டு விதமாகவும் எறிந்து அளந்து பாருங்கள்" என்றீர்கள். சக்கரத்தோடுதான் பந்து தூரம் போனது. பொறி நகர்ந்து கொடுப்பதால் எடை ஏறக்குறைய நேராக விழுகிறதாம்.

சரி, அந்தப் பின்பக்க எறிதல். ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டைகூடப் போட்டோம். ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன் சத்தமில்லாமல் கைபேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்து வந்து காட்டினான். பந்தை ஏந்தும் கவண் துணியின் வளையம் கோல்முனை ஆணியிலிருந்து முன்கூட்டியே நழுவியிருந்தது. ஆணியைக் கொஞ்சம் முன்னால் வளைத்தோம், பந்து நேர் மேலே போனது. இன்னும் வளைத்தோம், காலடியில் மோதியது. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் 17 மீட்டர்! தம்பி, எங்கள் குழுவில் ஆறாவது பெயர் உன்னுடையதுதான்.

வரலாற்று ஆசிரியர் சொன்ன கதையையும் மறக்கவில்லை. 1304-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டையினர் சரணடைய முன்வந்த பிறகும், அதை முற்றுகையிட்ட இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னர் தன் 'வார்வுல்ஃப்' கவண்பொறியை எறிந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொண்டாராம். அவர் செய்தது சரியில்லைதான். ஆனால் கட்டி முடித்த அன்று எங்களுக்கும் அதே அரிப்பு இருந்தது.

அப்புறம், பள்ளிக் காவலர் தாத்தா, கூரைமேல் இன்னும் இரண்டு பந்துகள் இருக்கின்றன. ஏணி மறுபடி வேண்டும்.