மூலிகைத் தீவனத்தை நம் கொட்டகைகளிலேயே சோதித்துச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லடம் வட்டாரத்தில் எந்தக் கம்பெனியோடும் ஒப்பந்தம் இல்லாமல் சொந்தமாகக் கறிக்கோழி வளர்த்து வருகிறேன். எங்கள் பகுதித் தீவனக் கடைகளில் மூலிகை வளர்ச்சியூக்கி என்ற பெயரில் பொடிகளும் திரவங்களும் பெருகி வருவதைப் பற்றியே இக்கடிதம்.

இவை வேண்டாதவை என்று நான் சொல்ல வரவில்லை. தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலந்து எடையைக் கூட்டும் வழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை, உணவுக்காக வளர்க்கும் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று நம் மத்திய அரசும் 2019-ல் தடை விதித்தது. அது மிகச் சரியான முடிவு. அந்த இடத்தை நிரப்ப ஓமத்திலுள்ள தைமால், பூண்டிலுள்ள அல்லிசின், மஞ்சளிலுள்ள குர்குமின் ஆகியவற்றை நாடுவதும் இயல்பே. குடலில் தீமை செய்யும் கிருமிகளை அடக்கும் தன்மை இவற்றுக்கு உண்டு.

ஆனால் கடையில் வாங்கும் பையின் மேல் 'மூலிகைக் கலவை' என்று இருக்கிறதே ஒழிய, எந்த மூலிகை எத்தனை சதவீதம் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. ஈரோட்டுச் சந்தைக்கு ஒரே நாளில் வரும் இரண்டு மூட்டை மஞ்சளிலேயே குர்குமின் அளவு ஒன்றாக இராது என்னும்போது, பெயர் தெரியாத பொடியை எந்தக் கணக்கில் கலப்பது?

சென்ற கோடையில் நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன். கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகையை நடுவில் வலை கட்டிப் பிரித்து, மேற்குப் பாதியில் மட்டும் டன் தீவனத்துக்கு 5 கிலோ மஞ்சள்தூள் சேர்த்தேன். 42-ஆம் நாள் எடை போட்டபோது இரு பக்கத்துக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. வெயிலுக்கு இறந்த கோழிகள் மட்டும் மஞ்சள் பக்கத்தில் குறைவு. மகிழ்ந்துபோய் அக்கம்பக்கத்துப் பண்ணையாளர்களிடமும் சொல்லிவிட்டேன். பிறகுதான், பிற்பகலில் வேப்பமரத்தின் நிழல் விழுவது அந்த மேற்குக் கோடியில்தான் என்பது உறைத்தது. காத்தது மஞ்சளா, நிழலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதனால்தான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைகளில் விற்கும் மூலிகைப் பொருட்களைக் கோடையிலும் மழைக்காலத்திலும், பல பேட்ச்சுகளில், வளர்ப்பவர்களின் கொட்டகைகளிலேயே சோதித்து, எடையையும், தீவன மாற்று விகிதத்தையும் (கோழி ஒரு கிலோ எடை கூடத் தின்னும் தீவனம் எத்தனை கிலோ என்ற கணக்கு), இறப்பையும் தமிழில் வெளியிட வேண்டும். பலன் தராதவற்றையும் மறைக்காமல் வெளியிட வேண்டும். இரண்டு கிலோ எடையில் 10,000 கோழிகளை விற்பவருக்குத் தீவன மாற்று விகிதம் 0.05 குறைந்தாலே ஒரு டன் தீவனம், அதாவது 50 கிலோ மூட்டையில் 20 மூட்டை மிச்சம். வளர்ப்புச் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போகும் தொழிலில் இது சின்னத் தொகை அல்ல. அதே நேரத்தில், உட்பொருளையும் அளவையும் பையின் மேல் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

அத்தகைய சோதனைக்கு என் கொட்டகையை எத்தனை பேட்ச் வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன். நிழல் இரு பக்கமும் சமமாக விழும்படி, இம்முறை வலையை நீளவாக்கில் கட்டிக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
கறிக்கோழிப் பண்ணையாளர்,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.